பல வண்ணங்கள், ஒரே சுவர்: குழு ஓவியக் கண்காட்சியை அமைப்பது எப்படி?

ஒரே ஓவியரின் படைப்புகளைச் சுவரில் மாட்டுவது அவ்வளவு கடினமான வேலை அன்று. அவற்றுக்குள் ஓர் உறவு ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர், தமக்கே உரிய நிறத்திலும் கோட்டிலும் தம்மை வெளிப்படுத்திய படைப்புகளை ஒரே கூடத்தில் வைக்கும்போதுதான், உரத்த வண்ணங்கள் பக்கத்திலுள்ள மெல்லிய ஓவியத்தை அமுக்கிவிடும் சிக்கல் எழுகிறது. ஒவ்வொருவரின் தனித்தன்மையும் கெடாமல் சுவரை அமைக்க நான் இப்போது பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். கூடத்தை ஏற்பாடு செய்வது, அழைப்பிதழ் அனுப்புவது ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. அளவுகளைத் திரட்டுதல்

ஒவ்வொரு படைப்பின் உயரம், அகலம், எடை ஆகியவற்றைச் சட்டகத்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். சட்டகம் இல்லாத அளவைத் தருபவர்களே அதிகம் என்பதால், படைப்பு கைக்கு வந்ததும் மீண்டும் அளந்துவிடுங்கள்.

2. யாருக்கு எந்தச் சுவர்?

1917-இல் நியூயார்க்கில் சுதந்திரக் கலைஞர் சங்கம் நடத்திய முதல் கண்காட்சியில் நடுவர்களும் இல்லை, பரிசுகளும் இல்லை. கலைஞர்களின் குடும்பப்பெயர்களை அகரவரிசைப்படுத்தி, எந்த எழுத்தில் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, அந்த வரிசையிலேயே படைப்புகளை மாட்டினார்கள். எல்லோரையும் சமமாக நடத்தும் அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் எந்த ஓவியத்தின் அருகில் எது வருகிறது என்பதை எழுத்துவரிசையிடம் ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே, சுவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கு முதலில் என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறேன். அண்டை ஓவியங்களைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கிறேன்.

3. அண்டை வண்ணங்கள்

பாரிஸின் கோப்லின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், சில கறுப்பு நூல்கள் மங்கலாகத் தெரிகின்றன என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறை இல்லை, அருகிலிருந்த நிறங்களே அந்தத் தோற்றத்தைத் தருகின்றன என்று கண்டறிந்தார். அதை விளக்கும் அவரது நூல் 1839-இல் வெளிவந்தது. கண்காட்சிச் சுவரிலும் இதுவே நடக்கிறது. அடர்சிவப்பு ஓவியத்தை ஒட்டி வைக்கப்பட்ட சாம்பல்நிற ஓவியம் சற்றே பச்சை படிந்ததுபோலத் தெரியும். அதைத் தீட்டியவர் நினைத்த நிறம் பார்வையாளரை எட்டாது.

இதைத் தவிர்ப்பதற்காக நீலங்களை ஒரு பக்கமும் சிவப்புகளை மறுபக்கமும் சேர்த்து, வானவில் வரிசையில் மாட்டும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவரின் மூன்று ஓவியங்கள் மூன்று மூலைகளுக்குச் சிதறினால், அவர் சொல்ல வந்தது அறுபட்டுவிடும். ஒருவருடைய படைப்புகளை ஒன்றாகவே வைத்து, அவற்றுக்கிடையே 15 முதல் 20 சென்டிமீட்டரும், அடுத்தவரின் படைப்பு தொடங்கும் முன் குறைந்தது 60 சென்டிமீட்டரும் வெற்றுச் சுவராக விடுங்கள். சுவர் வெள்ளையாகவோ மிக வெளிர்ந்த சாம்பலாகவோ இருந்தால், அந்த இடைவெளியே கண்ணுக்கு ஓய்வு தரும்.

ஆணி அடிக்கும் முன் எல்லாவற்றையும் சுவரடியில் சாய்த்து வைத்துவிட்டு, வாசலில் நின்று கண்களைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண்ணை இழுக்கும் ஓவியத்தைச் சுவரின் ஓரத்துக்கு மாற்றினால், நடுவிலிருக்கும் அமைதியான படைப்புகளுக்கும் கவனம் கிடைக்கும்.

4. கொக்கியின் உயரம்

என்னை அதிகம் திணறடித்த படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எல்லா ஓவியங்களின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 145 முதல் 152 சென்டிமீட்டர் வரை வழக்கமான அளவு, நான் 145-ஐ வைத்துக்கொள்கிறேன். கொக்கியை அந்த உயரத்தில் அடிக்கக் கூடாது. நடு உயரத்துடன் ஓவிய உயரத்தின் பாதியைக் கூட்டி, சட்டகத்தின் பின்புறம் மாட்டுவதற்காகக் கட்டிய கம்பி இழுபட்ட நிலையில் அதற்கும் சட்டகத்தின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால் வருவதே கொக்கியின் உயரம். 90 சென்டிமீட்டர் உயர ஓவியத்தில் கம்பி மேல்விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்றால், 145 + 45 − 8 = 182.

இதில் தவறு நேரும் இடம் கம்பியை அளக்கும் முறை. தளர்ந்திருக்கும் கம்பியை அளக்காமல், ஓவியத்தின் எடையைத் தாங்கும்போது எவ்வளவு மேலே போகுமோ அந்த அளவுக்கு விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். ஓர் ஓவியத்துக்கு இரண்டு கொக்கிகள் வைப்பதே என் பரிந்துரை. யாராவது உரசிச் சென்றாலும் ஓவியம் எளிதில் சாயாது. அப்போது கம்பியையும் அதே இடைவெளியில் இரண்டு விரல்களால் இழுத்து அளக்க வேண்டும்.

லேசர் மட்டம் வசதியானதுதான் என்றாலும், ரசமட்டமும் மாஸ்கிங் டேப்பும் எனக்குப் போதுமானவை. தரை சரிவாக உள்ள கூடங்களில், ஒவ்வோர் ஓவியத்துக்கும் தரையிலிருந்து தனித்தனியே அளக்காமல், ஓரிடத்தில் மட்டும் அளந்து, அங்கிருந்து சுவர் நெடுக டேப்பால் ஒரு மட்டக்கோடு இட்டு, அதிலிருந்தே மற்ற அளவுகளை எடுங்கள்.

5. வெளிச்சமும் விவரச்சீட்டும்

விளக்கொளி செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பளபளப்புக் குறையும். நிறங்காட்டும் குறியீடு (CRI; விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதைக் காட்டும் எண்) 90-க்கு மேல் உள்ள விளக்குகளையே வாங்குங்கள். விலை கூடினாலும், வண்ணமே பேசும் கண்காட்சியில் இதில் சிக்கனம் வேண்டாம். நீர்வண்ண ஓவியங்கள் ஒளியில் வெளிறக்கூடியவை என்பதால், அவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) அளவே பரிந்துரைக்கப்படுகிறது; எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை தரலாம்.

விவரச்சீட்டில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவை ஒரே வரிசையில் இருக்கட்டும். ஆனால் கலைஞர் தம்மைப் பற்றி எழுதித் தரும் சில வரிகளைத் திருத்தி எல்லோருக்கும் ஒரே நடையைக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துப்பிழைகளை மட்டும், அவரைக் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

பிற்சேர்க்கை: சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாத கூடத்தில் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பசைப் பட்டைகளைக் கனமான சட்டகங்களுக்கு நான் நம்புவதில்லை. கூரையருகே படங்களைத் தொங்கவிடுவதற்கான தண்டவாளம் இருந்தால் அதிலிருந்து கம்பி இறக்கலாம். இல்லையெனில் தனித்து நிற்கும் தடுப்புப் பலகைகளைக் கேட்டுப் பெறுங்கள். பலகைகளின் அடிப்பாகத்தில் கனம் ஏற்றி, அவை ஆடாமல் நிற்கின்றனவா என்று சோதித்த பின்பே ஓவியங்களை மாட்டுங்கள்.