டெல்டாவில் நிலம் வைத்திருப்போருக்கு ஒரு நாள் காட்டுயிர்ப் பயிற்சி: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை விளக்கம்

காவிரிப் படுகையில் காட்டுயிர் என்றதும் பலருக்குக் கோடியக்கரையும் வடுவூர் ஏரியும்தான் நினைவுக்கு வருகின்றன. கோடியக்கரை 1967ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகி, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் அப்பட்டியலில் இடம்பெற்றன. எனினும் அந்த ஏரிகளில் அடையும் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் இரை தேடுவது பெரும்பாலும் சுற்றிலும் உள்ள வயல்களில்தான். நரியும் காட்டுப்பூனையும் வாய்க்கால் கரைப் புதர்களிலும் மூங்கில் கொல்லைகளிலும் வாழ்கின்றன. கொள்ளிடக் கரையின் நீர்நாய் சரணாலய எல்லை எதையும் அறியாது. ஆகவே இந்த உயிரினங்களின் வாழ்வு பட்டாதாரர்களும் குத்தகைதாரர்களும் எடுக்கும் அன்றாட முடிவுகளில் அடங்கியிருக்கிறது. அவர்களை ஒரு நாள் ஒன்றுகூட்டி, வரப்பிலேயே நடத்தும் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது என்பதை இதுவரை இப்படி எதையும் நடத்தியிராத ஒருவருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: எந்த முடிவைப் பற்றிய பயிற்சி என்பதைத் தீர்மானித்தல்

"காட்டுயிர்ப் பாதுகாப்பு" என்ற பொதுத் தலைப்பில் அழைத்தால் வருபவர்கள் கேட்பார்கள், கைதட்டுவார்கள், போய்விடுவார்கள். நிலம் வைத்திருப்பவர் இந்தக் கோடையில் எப்படியும் எடுக்கப்போகிற ஒரு முடிவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலியை எதைக் கொண்டு கட்டுப்படுத்துவது, குட்டையைத் தூர்வாரும்போது கரையை எப்படி விடுவது, வாய்க்கால் ஓரப் புதரை முழுவதும் வெட்டுவதா, பட்ட பனையை நிற்க விடுவதா என்பவை அத்தகைய கேள்விகள். இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முறை நடத்துவோருக்கு எலியைத் தேர்ந்தெடுக்கும்படி பரிந்துரைக்கிறேன். ஏனெனில் டெல்டாவில் எலியால் இழப்பைச் சந்திக்காத விவசாயி இல்லை, எலியைப் பேசத் தொடங்கினால் கூகையும் சாரைப்பாம்பும் நரியும் காட்டுப்பூனையும் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடும்.

இரண்டாம் படி: நாளைக் குறித்தல்

தேதியை நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்கக் கூடாது. தண்ணீரையும் நெல்லையும் பார்த்துக் குறிக்க வேண்டும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டால், அதன் பிறகு நாற்றங்கால், நடவு என்று யாருக்கும் நேரம் இராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை மாதத்தில் சம்பா அறுவடை. அறுவடை முடிந்தாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலோடு காத்திருக்கும் விவசாயியை அழைப்பது அவருடைய நிலைமையை அறியாத செயலாகும். மாசிக் கடைசியும் பங்குனித் தொடக்கமும்தான் பொருத்தமான காலம். நெல் விற்றிருக்கும், தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் நிலத்தில் இருக்கும், வலசைப் பறவைகளில் ஒரு பகுதியையாவது பார்க்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, தூர்வாருதல், வரப்பு செதுக்குதல், மரம் வெட்டுதல் ஆகிய வேலைகள் சித்திரை, வைகாசியில் நடக்கின்றன என்பது. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பு நடக்கும் பயிற்சியே பயன் தரும்.

மூன்றாம் படி: நிலத்தைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே நடத்தல்

மாதிரிப் பண்ணை தேட வேண்டாம். அக்கம்பக்கத்தார் நிலத்தைப் போலவே இருக்கிற, ஒரு குட்டையோ வாய்க்கால் கரையோ சில பனைகளோ உள்ள நான்கைந்து ஏக்கர் போதும். வருபவர் தம் நிலத்தை அதில் அடையாளம் காண வேண்டும். உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் பெற்று, நில அளவைப் புலப்படத்தின் நகலை எடுத்துக்கொண்டு, விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் அந்த நிலத்தை நடந்து பாருங்கள். பார்த்தவற்றை அந்தப் படத்திலேயே குறித்துவிட்டால் பயிற்சி நாளன்று நிறுத்த வேண்டிய இடங்கள் தெளிவாகிவிடும். உளுந்து முளைத்திருக்கும் வயலுக்குள் கூட்டம் இறங்கக் கூடாது; வழி வரப்பிலேயே அமைய வேண்டும்.

நான்காம் படி: யாரை அழைப்பது

டெல்டாவில் இந்தக் கேள்வி எளிதானதன்று. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், பயிரிடுபவர் வேறொருவராக இருப்பார், கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய நிலமோ ஊருக்கு ஊர் உண்டு. பட்டாதாரர் மட்டும் வந்தால் வரப்பில் நடப்பது அவருக்குத் தெரியாது. குத்தகைதாரர் மட்டும் வந்தால் மரத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. இருவரையும் அழையுங்கள். கோயில் நிலமாயின் செயல் அலுவலருக்கு ஓர் அழைப்புக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளருக்குக் காணொளி அழைப்பில் அரை மணி நேரம் காட்டினாலும் பயன் உண்டு.

நடவு நடும், களை பறிக்கும் பெண்களை அழைப்பதை விருப்பத்துக்கு விடாதீர்கள். வயலுக்குள் குனிந்து வேலை செய்யும் அவர்களுக்குத்தான் கூடு எங்கே, வளை எங்கே, பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். அன்றைய கூலியை அவர்கள் இழக்கக் கூடாது; ஆகவே அந்தத் தொகையை நிகழ்ச்சிச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். எலி பிடிக்கும் தொழிலாளர்களைப் பார்வையாளராக அன்றி, கற்பிப்பவராக அழைத்து உரிய மதிப்பூதியம் கொடுங்கள்.

மொத்தம் இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். வரப்பில் வரிசையாக நடக்கும்போது கடைசியில் வருபவருக்கும் முன்னால் பேசுவது கேட்க வேண்டும். ஊராட்சி, பாசன சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தேநீர்க் கடை ஆகியவற்றின் வழியாகச் செய்தி சொன்னால் போதும்.

ஐந்தாம் படி: வல்லுநர்களும் செலவும்

வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில், ஆத்மா என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் விவசாயிகள் பயிற்சிக்கு வாய்ப்பு உள்ளதா என்று கேளுங்கள். பயிற்சியளிக்க நாகப்பட்டினம் மாவட்டத்தினர் சிக்கலிலும் திருவாரூர் மாவட்டத்தினர் நீடாமங்கலத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்; ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வனத்துறையிலிருந்து வனச்சரகரையோ வனவரையோ அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். எந்த வரப்பில், எதைக் காட்டிப் பேச வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கியும் மேடையும் பொன்னாடையும் தேவையில்லை.

ஆறாம் படி: வரப்பு நடை

காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்கு முன் நடையை முடிக்க வேண்டும். பயிற்சியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வளைகளுக்கு முன் நிறுத்துங்கள். நண்டு வளையின் வாய் வட்டமாகத் திறந்து, ஈர மண் உருண்டைகளோடு நீர் விளிம்பில் இருக்கும். வரப்பெலியின் வளையில் புதிய மண் குவிந்து, வாய் பெரும்பாலும் மண்ணால் அடைபட்டிருக்கும். வரப்பெலி கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேமித்து வைக்கும். எலி பிடிப்பவர் ஒரு வளையைத் தோண்டிக் காட்டினால், இழப்பின் அளவை எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே எல்லோரும் உணர்ந்துகொள்வார்கள்.

அடுத்து, எலியைத் தின்னும் உயிர்களின் தடயங்கள். பழைய கட்டடத்திலோ பனையிலோ கூகை அடைந்தால் அதன் கீழே கருநிற உருண்டைகள் கிடக்கும். கூகை எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அவ்வுருண்டைகள் சிலவற்றை முன்கூட்டியே சேகரித்து, கையுறை அணிந்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெள்ளைத் தாளின் மேல் பிரித்துக் காட்டுங்கள். எலியின் மண்டையோடுகள் ஒவ்வொன்றாக வெளிவருவதைப் பார்த்த பிறகு, கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று விரட்டி வந்தவரும் அதைப் பற்றி வேறுவிதமாகக் கேள்வி கேட்கத் தொடங்குவார். அந்த நம்பிக்கையை இகழ்ந்து பேசாதீர்கள். எலும்புகளை அவர் கையிலேயே கொடுங்கள். வரப்பில் கிடக்கும் நரி எச்சத்தில் முடியும் பழக்கொட்டையும் இருக்கும். ஆற்றங்கரையில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து நாற்றமடிப்பது நீர்நாயின் எச்சம். பாம்புச் சட்டை கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, இந்த நடையில் நேர்மையாகப் பேச வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. வரப்பு அகலமாக இருந்தால் எலி வளை தோண்டும். ஆகவே நன்செய்யில் வரப்பைச் சிறிதாக வைக்குமாறு வேளாண்மைத் துறையினர் சொல்கிறார்கள். புல்லும் செடியும் நிறைந்த அகலமான வரப்பிலோ சிலந்தியும் தவளையும் தேனீயும் கீரியும் வாழ்கின்றன. இரண்டும் உண்மை. உள் வரப்புகளைச் சிறிதாகவும் சுத்தமாகவும் வைத்து அவற்றில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றுவதும், வாய்க்காலை ஒட்டிய எல்லை வரப்பை மட்டும் ஒரு பக்கம் செதுக்காமல் விடுவதும் என் பரிந்துரை. இதை ஒரு விதியாக அறிவிக்காமல், புலப்படத்தை விரித்து அவரவர் நிலத்தில் எந்த வரப்பை விட முடியும் என்று கேளுங்கள். இந்த உரையாடலுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஏழாம் படி: கையால் செய்து காட்டுதல்

தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூங்கிலால் ஆன இந்தப் பொறியை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வைத்துப் பழகட்டும். குறுக்குக் கட்டை கட்டிய உயரமான கம்புகளை வயலில் நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும், பகலில் கரிச்சானும் பனங்காடையும் அமரும். நெல் பால் பிடிக்கும் பருவத்தில் அந்தக் கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையெனில் தானியம் தின்னும் பறவைகள் அவற்றில் அமரும். விஷத்தைப் பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். புரோமடையலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தளர்ந்து நடமாடும் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் விஷம் போய்ச் சேர்கிறது. எலியைத் தின்னும் உயிர் குறைந்தால், அடுத்த போகத்தில் மருந்துச் செலவு கூடும். எலிக்காக மின்கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது மனித உயிரையும் பறிக்கும் குற்றம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள்.

குட்டை உள்ள நிலமாயின், கரையைச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கமாவது சரிவாக விட்டால் ஆமை ஏறும், கொக்கு நின்று மேயும் என்பதையும், கோரையும் நாணலும் உள்ள ஒரு கரையைத் தொடாமல் விட வேண்டும் என்பதையும் காட்டுங்கள்.

எட்டாம் படி: சட்டத்தைச் சொல்லுதல்

சட்டத்தை வனத்துறையினர் சொல்லட்டும், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். அச்சுறுத்தலில் தொடங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மயில், உடும்பு, நீர்நாய் ஆகியவை அதன் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கொக்கையும் மடையானையும் வலைவைத்துப் பிடித்து விற்பதும் குற்றம்தான். பனையைப் பொறுத்தவரை, வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

"மயில் உளுந்தையெல்லாம் கொத்திட்டுப் போவுதே, அதுக்கு என்ன செய்யறதுங்க ஐயா?" என்ற கேள்வி உறுதியாக வரும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இழப்பு உண்மையானது என்று முதலில் ஒப்புக்கொண்டு, விதைத்த நாட்களில் காலையும் மாலையும் காவல், ஒளிரும் நாடா, சிறு பரப்பாயின் வலை ஆகியவற்றைப் பேசுங்கள். நிவாரணம் பற்றிய கேள்விக்கு வனச்சரகரே நேரில் பதில் சொல்லட்டும்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

எல்லோரும் மூடிய காலணி அணிய வேண்டும். முதலுதவிப் பெட்டி, குடிநீர், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். யாரும் பாம்பைப் பிடித்துக் காட்டக் கூடாது.

பத்தாம் படி: உறுதியும் மறுபார்வையும்

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ பாரம்பரிய விதை பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. பெற்றுக்கொண்டவருக்கு ஒரு கடமையும், அதைச் செய்து முடிக்க ஒரு கெடுவும் அதில் இருந்தன. அதே முறையை இங்கும் கையாளலாம். ஒவ்வொருவருக்கும் பறவைக் கம்புகள் சிலவற்றையும் கிட்டி ஒன்றையும் கொடுத்து, அவர் தம் நிலத்தில் செய்யப்போவதை ஒரே ஒரு வரியில் அட்டையில் எழுதி வாங்குங்கள். "இயற்கையைக் காப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "மேற்கு வாய்க்கால் கரையில் புதரை வெட்ட மாட்டேன்" என்பதுதான் உறுதி. எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம். குத்தகை நிலமாயின் உரிமையாளரும் அதே அட்டையில் கையெழுத்திட வேண்டும்.

வைகாசிக் கடைசியில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிலத்துக்கும் செல்லுங்கள். எழுதியது நடந்திருக்கிறதா, நடக்கவில்லையெனில் தடுத்தது எது என்பதை அட்டையின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கும் ஒரே தடை இருந்தால், அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கான கேள்வி அதிலிருந்தே கிடைக்கும்.