வேட்டைப் பருவத்துக்கு முன் இரும்புப் பொறிகளைப் பக்குவப்படுத்துங்கள்

விலங்கு பிடிக்கும் புதுப் பொறியில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும். விலங்கின் மூக்குக்கு அது தப்பாது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் கழுவி, மெல்லிய துரு படியும்வரை வெளியில் போட்டுவையுங்கள். வழவழப்பான இரும்பில் சாயம் பிடிக்காது. பிறகு சாயமேற்ற, ஓக் மரப்பட்டையோ வால்நட் மேல்தோலோ போட்ட நீரில் கொதிக்கவிடுங்கள். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு வினைபுரிந்து கருநிறப் படலமாகும். துரு பரவுவது குறையும். அதன்பின் சுத்தமான கையுறையோடுதான் தொட வேண்டும்.

கால்பிடிப் பொறிகளுக்கு மேலே மெழுகும் பூசலாம். மெழுகை நேரடித் தீயில் உருக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். உடலை இறுக்கும் வகைப் பொறிக்கு மட்டும் மெழுகு வேண்டவே வேண்டாம். பொறியைத் திறந்த நிலையில் நிறுத்தும் விசைப்பிடி வழுக்கிவிட்டால், வைப்பவரின் கையையே அடித்து நொறுக்கிவிடும்.