உப்புத் தண்ணீரிலும் நீர்ப்பிரமி வளரும்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். போர் தண்ணீர் கரிக்கும். அதில் ரோஜா நிற்கவே இல்லை, துளசி கருகிப் போனது. நீர்ப்பிரமி மட்டும் நான்காவது வருடமாகத் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிகிறது. கழிமுகத்து உவர்ச் சேற்றிலேயே படரும் கொடி அது.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே இதைப் போலவே வல்லாரையையும் பிராமி என்பார்கள். வல்லாரைக்கு நீளக் காம்பு, வட்டமான பெரிய இலை. நீர்ப்பிரமி இலை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சதைப்பிடிப்பாக, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். மென்றால் நல்ல கசப்பு.

விதை தேட வேண்டாம். கும்பகோணம் பக்கம் அம்மாவின் ஊர் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடித் தண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். சாக்கடை ஓரம், ஆலைக் கழிவு ஓடும் இடத்தில் மட்டும் பறிக்காதீர்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றை இந்தச் செடி உறிஞ்சித் தன்னுள் சேர்த்துவைக்கும். சாப்பிடுகிற தழை, விளையாட்டில்லை.

முதல் தடவை ஓட்டை போட்ட தொட்டியில், தென்னைநார்க் கழிவில் நட்டேன். மே மாத வெயிலில் இரண்டே நாளில் சுருண்டுவிட்டது. காலடி காயாமல் இருப்பதுதான் இதற்கு உயிர். ஓட்டை இல்லாத அகலமான அன்னக்கூடை எடுங்கள், அரை அடி ஆழம் போதும். களிமண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. சேறாகக் குழைத்து, நான்கு விரல் நீளத் தண்டுகளைக் கணு புதையும்படி படுக்கவைத்து அழுத்துங்கள். ஒரு வாரம் நிழல், அப்புறம் நல்ல வெயில்.

தண்ணீர் சேற்று மட்டத்தோடு நின்றால் சரி; மேலே தேங்கினால் கொசு வரும். உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு, தொட்டியைச் சாய்த்து வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

புழு வந்தால் காலையில் கையால் எடுத்துவிடுவேன், மருந்து அடிப்பதில்லை. மூன்று மாதத்தில் அறுக்கலாம். இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். துவையலுக்குத் தேங்காயும் புளியும் கொஞ்சம் தாராளமாக வைத்தால் கசப்பு அடங்கும். வெட்டியதில் நான்கைந்து நுனியை, தொட்டியில் வெறுமையாகத் தெரியும் இடத்தில் அப்போதே செருகிவிடுவேன்.