நோர்வேயில் முதன்முறை வாக்களிப்போருக்கு: சீட்டில் உள்ள தடித்த எழுத்துகள்

நோர்வேயில் மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் குடியிருப்பாளராகப் பதிவில் இருந்தவருக்கு, குடியுரிமை இல்லாவிட்டாலும், கொம்யூன் (உள்ளூராட்சி) தேர்தலில் வாக்குரிமை உண்டு. அடுத்த தேர்தல் 2027 செப்டம்பரில் நடைபெறும்.

வாக்களிக்கும் மறைப்புக்குள் கட்சிக்கொரு வாக்குச்சீட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்து மடித்து, வெளியே வந்து, அலுவலரிடம் முத்திரை குத்திய பின்னரே பெட்டியில் இட வேண்டும். சீட்டில் வேட்பாளரின் பெயருக்கு முன்னுள்ள கட்டத்தில் அடையாளமிட்டால் அது விருப்பு வாக்கு. இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தலில் மூவருக்கு மேல் அளிக்க முடியாது. இங்கே எத்தனை பேருக்கும் அளிக்கலாம்.

ஆயினும், வாக்கு முதலில் கட்சிக்கே போகிறது. ஆசனங்கள் கட்சிகளுக்குப் பங்கிடப்பட்ட பிறகுதான் யார் அமர்வது என்ற கேள்வி எழுகிறது. அங்கேயும் பட்டியலின் உச்சியில் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டவர்களுக்குக் கட்சி பெற்ற வாக்குகளில் 25 சதவீதம் மேலதிகமாகச் சேர்க்கப்படுகிறது. கட்சிக்கு 4,000 சீட்டுகள் விழுந்தால் அவர்கள் ஒவ்வொருவரும் 1,000 வாக்குகளோடு தொடங்குகிறார்கள். கீழே இருக்கும் நம்மவர் இருநூறு வாக்கு சேர்த்தாலும் அந்தச் சுவரைத் தாண்டமாட்டார். இதுவே இம்முறையின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

இன்னொரு பொறி, வேறு கட்சி வேட்பாளரின் பெயரையும் உங்கள் சீட்டில் எழுத அனுமதி இருப்பது. என் மைத்துனர் ஊர்ப்பற்றில் அப்படி எழுதினார். அவருடைய வாக்கின் ஒரு பங்கு அந்தக் கட்சிக்குப் போய்விட்டது என்பதை மறுநாள்தான் அறிந்தார்.

  

ஆகவே, தடித்த எழுத்துக்குக் கிடைக்கும் மேலதிக வாக்குகளால், பெயர் பட்டியலில் எந்த இடத்தில் அச்சாகிறது என்பதே முக்கியம்; அந்த இடத்தை முடிவுசெய்வது கட்சியே. 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரான கம்சாயினி குணரத்தினம் தொழிற்கட்சியின் இளைஞர் அணி வழியாக வளர்ந்தவர். பட்டியல்களைத் தேர்தல் ஆண்டின் மார்ச் 31க்குள் ஒப்படைக்க வேண்டும். பெயர்களின் வரிசையை முடிவுசெய்யும் கட்சிக் கூட்டங்கள் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். அவற்றில் கைதூக்க விரும்புபவர் இப்போதே உறுப்பினராவது நல்லது.