பழைய துவக்கை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வன்னியில் பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போரிடம், தாங்கள் கையாண்டவற்றில் படுமோசமானது எதுவென்று கேட்டால், பெரும்பாலும் பழைய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் ஒன்றையே சொல்வார்கள். என்னிடமும் அப்படியொன்று இருந்தது. நெடுங்கேணி வயலில் பன்றி கலைக்க வலது விசையை இழுத்தபோது இடக்குழலும் சேர்ந்து வெடித்து, தோள் மூன்று நாள் கன்றிக் கிடந்தது. உள்ளே, விசையை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்கும் விசைக்கொக்கி தேய்ந்திருந்ததே காரணம். வாங்கும்போது வெளிமினுக்கத்தைத்தான் பார்த்திருந்தேன்.

ஆகவே முதலில் துவக்கை முறித்து, அதாவது குழலை மடித்துத் திறந்து, இரு குழல்களிலும் தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பின்னர் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் துருவின் அடையாளம், நம் மாரிக்கு அது பெரிய புதுமையல்ல. ஆனால் வளையம் போன்ற நிழல் தெரிந்தால் அவ்விடத்தில் குழல் உப்பியிருக்கக்கூடும், அதற்கு விலையே பேசாதீர்கள். குழலின் கீழுள்ள முன்பிடியைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கை அசைக்கும்போது ‘டக் டக்’ என்று ஆடினால், குழலை உடலோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு தளர்ந்துவிட்டது.

தோட்டா அறையையும் தெரிந்தவரைக் கொண்டு அளவிடுங்கள். பழையவற்றில் பல 65 மில்லிமீற்றர் நீள அறை கொண்டவை. 70 மில்லிமீற்றர்த் தோட்டா வெடிக்குமுன் வாய் மடிந்து குறுகியிருப்பதால் அதற்குள் இலகுவாக நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கையில் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும்.