ஓப்பன்டபிள்யூஆர்டி: ஒரு பேக்கேஜுக்காக முழு சோர்ஸையும் பில்ட் செய்யாதீர்கள்

ரவுட்டரில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற லினக்ஸ் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு அப்ளிகேஷனை, அதாவது பேக்கேஜை, பில்ட் செய்ய வேண்டுமென்றால், முழு சோர்ஸை இறக்காமல் அந்த வெளியீட்டின் எஸ்டிகே (SDK) எனும் பில்ட் கருவித் தொகுப்பை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெளியீட்டின் டவுன்லோடு பக்கத்திலும், ஃபர்ம்வேர் கோப்புகளுக்குக் கீழேயே அது இருக்கும்.

முழு பில்டில் மணிக்கணக்காக நேரத்தைத் தின்பது கிராஸ் கம்பைலரும் (உங்கள் கணினியில் ஓடி, ரவுட்டரின் சிப்புக்கான கோப்பை உருவாக்கும் கருவி) சிஸ்டத்தின் மையமான கெர்னலும்தான். எஸ்டிகேயில் அந்த கம்பைலர் அடங்கிய டூல்செயின் தயாராகவே வருவதால், உங்கள் பேக்கேஜும் அதற்குத் தேவையான லைப்ரரிகளும் மட்டுமே கம்பைல் ஆகும். வெளியீட்டு எண்ணும் டார்கெட்டும் (ரவுட்டரின் சிப் வகை) ரவுட்டரில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் கூடாது.

கிடைத்த கோப்பை ரவுட்டரின் டிஎம்பி (/tmp) ஃபோல்டரில் போட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த ஃபோல்டர் ரேமில் இருப்பதால் ஃபிளாஷ் இடம் வீணாகாது. கோப்பை அனுப்பும் எஸ்சிபி (scp) கட்டளை முரண்டு பிடித்தால், பழைய முறைக்குத் திரும்ப பெரிய ஓ ஆப்ஷனைச் (-O) சேருங்கள்: ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையில் பேசுகிறது, ரவுட்டரில் எஸ்எஃப்டிபி சர்வர் இயல்பாக இருப்பதில்லை.

கெர்னல் அமைப்பையே மாற்ற வேண்டுமென்றால் இந்த வழி உதவாது, முழு பில்டுதான். நீங்களே கெர்னலை மாற்றி பில்ட் செய்த ஃபர்ம்வேரில், எஸ்டிகேயில் பில்ட் ஆன கெர்னல் மாட்யூல்கள் பெரும்பாலும் ஏறாது. ஃபிளாஷில் இடம் மிகக் குறைவென்றால், பேக்கேஜை இமேஜ் பில்டர் (தயாரான பேக்கேஜ்களைச் சேர்த்து ஃபர்ம்வேர் உருவாக்கும் கருவி) வழியாக ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் சுருக்கத்தில் அது குறைந்த இடத்தில் அடங்கும்.