'ஆணி' என்ற பெயரே முதல் தவறு

பாதத்தில் தடித்து மஞ்சளித்துப்போன தோலுக்குக் 'கால் ஆணி' என்று யார் பெயர் வைத்தார்களோ! ஆணி என்றதும் பிடுங்கத்தான் கை துறுதுறுக்கிறது. உண்மையில் அதற்கு வேரே கிடையாது. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழ விழ, தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் கெட்டியாகிறது. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதைப் போல. பரந்து தடித்தால் காய்ப்பு. நடுவில் கடினமான முனை ஒன்று உள்ளே குத்தினால், அதுதான் ஆணி.

பாலக்கோட்டில் தக்காளித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவின் வீட்டு எரவாணத்தில் எப்போதும் பாதி பிளேடு ஒன்று செருகியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சீவுவார். தேங்காய்ச் சில்லு போலச் சுருண்டு விழும். சில வாரங்களில் பழையபடி வளர்ந்துவிடும். வளராமல் என்ன செய்யும்? ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்த அதே ரப்பர் செருப்பைத்தானே மறுபடியும் மாட்டினார். ஒருமுறை ஆழமாகச் சீவிச் சீழ் வைத்தது. அறுவடை நேரத்தில் பத்து நாள் கட்டிலோடு கிடந்தார்.

எருக்கம்பாலும் வேண்டாம், தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மருந்துக்கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது.

எல்லாத் தடிப்பும் ஆணியல்ல. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, உள்ளே கரும்புள்ளிகளும் தெரிந்தால் அநேகமாக மரு. அது வைரஸால் வருவது, தொற்றக்கூடியது.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேய்த்து, மருந்துக்கடையில் கிடைக்கும் யூரியா கலந்த களிம்பு தடவினால் போதும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். முன்பக்கம் அகலமான, அடி மெத்தென்ற செருப்புக்கு மாறாவிட்டால் இத்தனையும் வீண்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கைவைத்தியம்கூட ஆகாது. கால் மரத்திருந்தால் வலி தெரியாது. தடித்த தோலுக்கு அடியில் புண் சத்தமின்றி வளரும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காலைக் காட்டி, எம்.சி.ஆர். செருப்பு (அழுத்தத்தைக் குறைக்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு) தேவையா என்று கேளுங்கள். தடிப்புக்குள் கருஞ்சிவப்பு தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். சந்தை நாள், தண்ணீர் முறை என்று தள்ளிப்போடாமல் அன்றே கிளம்புங்கள்.